தேத்தண்ணிக்குச் சீனி இல்லை

இரண்டு வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மாவைத் தராசில் ஏற்றினேன். மூன்று வாரக் கலோரிக் கணக்குப்படி இரண்டு கிலோ குறைந்திருக்க வேண்டும். முந்நூறு கிராம் கூடியிருந்தது.

அழகுக்காக எடை குறைக்கவில்லை. அம்மாவின் வலது முழங்காலுக்கு ஒப்பரேஷன் வேண்டும். செப்டெம்பருக்குள் ஏழு கிலோ குறைந்தால்தான் தேதி தருவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தாலியில், இந்தப் பலெர்மோ நகரில், அம்மா துப்புரவு வேலைக்குப் போகும் வீடு நாலாம் மாடி. லிஃப்ட் இல்லை. கைப்பிடியைப் பிடித்து, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்குகிறார். இப்படி எத்தனை மாதம் ஓடும்?

நான் டேட்டா அனலிஸ்ட். பிழை வந்தால் பட்டியல் போடுவேன்.

ஒன்று, தராசு. ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துப் பார்த்தேன். ஐந்து கிலோதான்.

இரண்டு, ஃபோர்முலா. நான் எழுதியது. சரியாகத்தான் இருந்தது.

மூன்று, அந்த வீட்டு எசமானி, அம்மாவின் சின்யோரா. தன் வீட்டிலிருந்து எவரும் வெறும் வயிற்றோடு போகச் சம்மதிக்காத பலெர்மோக்காரி. ஆனால் அவர் தந்த பொரித்த சோற்றுருண்டையைக்கூட அம்மா ஒளிக்கவில்லை. 'வியாழன், அரைவாசி' என்று, அம்மா சொல்லச் சொல்ல நான் நிரப்பிய அட்டவணையில் இருந்தது.

மிஞ்சியது அம்மா.

"தேத்தண்ணிக்குச் சீனி போடுறனீங்களோ?"

"ஒரு கரண்டியும் இல்லை. மாதா மேலை சத்தியம்."

மன்னார்க்காரி மாதா மேல் சத்தியம் செய்தால் விசாரணை முடிந்தது. நாளுக்கு ஆறு கோப்பை வெறும் தேத்தண்ணி. கலோரி கிட்டத்தட்ட பூச்சியம்.

அந்தச் சனிக்கிழமை, சொன்ன நேரத்துக்கு முன்பே வீடு திரும்பினேன். குசினியில் அம்மா. வலது கையில் கோப்பை, இடது கையில் பனங்கட்டி. ஒரு கடி... ஒரு மிடறு. மேசையில், பல்லரோச் சந்தைப் பக்கத்துத் தமிழ்க்கடையில் வாங்கிய, பனங்கட்டி அடைத்த ஓலைக் குட்டான். பாதி காலி.

"அம்மா... நீங்கள் இதைச் சொல்லேல்லையே!"

"நீ சீனி போடுறதோ எண்டுதானே கேட்டனி? தேத்தண்ணிக்குள்ளை நான் ஒண்டும் போடேல்லை. கடிச்சுக் குடிக்கிறதைக் கேட்டனியே?"

கேட்கவில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிற வீட்டில் பிறந்தவள் நான்; ஆனாலும் அட்டவணையில் கோப்பைக்கு மட்டும்தான் இடம் விட்டிருந்தேன். கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்வதில் கம்ப்யூட்டரும் அம்மாவும் ஒரே ரகம்.

ஆறு கோப்பை, ஆறு துண்டு. நான் பறித்த இரவுச் சோறு அப்படியே திரும்பி வந்திருந்தது.

"ஏழு கிலோ குறையாட்டி ஒப்பரேஷன் இல்லை. தெரியுந்தானே?"

"ஓம்," என்றார் அம்மா, கோப்பையைப் பார்த்தபடி. "குறைஞ்சா வெட்டுவினம்."

மூன்று வாரம் கலோரி எண்ணினேன். இந்த ஒன்றை ஒரு தடவையாவது கேட்டேனா?

"பயமா இருக்கோ?"

"பயமில்லாமல்? உன்ரை காலோ அது?"

"நானும் வாறன்."

"உள்ளை விடமாட்டினம்."

"கதவடியிலை நிக்கிறன். நீங்கள் கண் முழிக்கேக்கை நான் முன்னுக்கு நிப்பன்."

அம்மா கையிலிருந்த மீதிப் பனங்கட்டியை வாயில் போட்டார். பிறகு குட்டானை என் பக்கம் தள்ளினார்.

"நாளுக்கு ஒண்டு. அதுக்குக் கீழை கதைக்காதை."

நேற்று மறுபடியும் தராசு. எண்ணூறு கிராம் குறைவு. "வாழ்த்துகள்" என்று கையை நீட்டினேன்.

செத்தவீட்டில் கை கொடுப்பது போல அம்மா கையைத் தந்தார்.