முன்பக்கம் மட்டும்

எனக்குப் பொறுமை கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக இல்லை. மறுநாள் என் கணவர் எட்டு மாதம் கழித்து வேலைக்குப் போக வேண்டும். தல்லாகுளத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. பரவைக்குப் பக்கத்தில் வண்டியிலிருந்து விழுந்து கழுத்திலும் முதுகிலும் அடிபட்டவர். விரல்கள் இன்னும் மரத்துக் கிடப்பதால் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. அதனால் காலர் வைத்த டி-ஷர்ட் மூன்று வாங்கினோம். முதுகுக்காக டாக்டர் கட்டச் சொன்ன இடுப்பு பெல்ட்டுக்கு மேல் நுழைய வேண்டுமே என்று பெரிய அளவாக எடுத்ததில், நீளம் தொடைவரை வந்தது.

“குறைச்சுத் தா. ஆனா பெல்ட்டு வெளிய தெரியக் கூடாது,” என்றார். காலையிலிருந்து அதையே நாலு தடவை சொல்லிவிட்டார்.

அளவெடுக்க நிற்கச் சொன்னேன். போட்டோவுக்கு நிற்பவர் மாதிரி விறைப்பாக நின்றார். சுற்றிலும் நான்கு விரல் அளந்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டினேன். பனியன் துணியை இழுத்துப் பிடித்துத் தைக்கக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் இழுத்தேன். ஓரம் அப்பளம் மாதிரி நெளிந்தது. பிரித்து மறுபடி தைத்தேன். அவரோ வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

தைத்ததைப் போட்டுக்கொண்டு நான்கு எட்டு வைத்தார். முன்பக்கம் தொங்கியது. பின்பக்கம் மேலேறி, பெல்ட் பளிச்சென்று தெரிந்தது.

“அளவு சரியாத்தான எடுத்தேன்? நீங்க ஏன் ஒரு நெலையில நிக்க மாட்டேங்கிறீங்க?” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் உறைத்தது. நடக்கும்போது அவர் குனிந்து நடக்கிறார். எட்டு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். அவருக்குக் கூன் விழுந்திருப்பதை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

இரண்டாவது டி-ஷர்ட்டைப் போடச் சொன்னேன். மறுபடியும் விறைத்தார்.

“ஏங்க, எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்க.”

என்னைப் பார்த்தார். பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார். தோள் முன்னால் சரிந்தது. பின்பக்கத்தைத் தொடாமல் முன்பக்கத்தை மட்டும் ஐந்து விரல் வெட்ட வேண்டும். மண்டியிட்டு உட்கார்ந்தேன், கோடு போடக் கை வரவில்லை. போட்டுவிட்டால் முதுகு இனி நிமிராது என்று நானே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும் என்று பயம்.

“இம்புட்டு நேரம் என்ன யோசன? கோட்டப் போடு,” என்றார். “நாளைக்கு எல்லாரும் பாக்கத்தான போறாய்ங்க. மொதல்ல நீ பாத்துக்க.”