நான் சாத்திய ஜன்னல்

இதை எழுத எனக்குப் பல வருஷம் தைரியம் வரவில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பிழை வருமே என்று ஒரு கூச்சம். அதைவிடப் பெரிய கூச்சம், நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. அம்பாள் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

நாங்கள் பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிறவர்கள். வீட்டு முன் அறையிலேயே தறி. காற்றுப் பட்டால் பட்டிழை காய்ந்து அறுந்துபோகும் என்று அந்த அறை ஜன்னலை நாங்கள் திறப்பதே இல்லை. ஆடி மாசம் வந்தால் கதவிடுக்கில்கூடத் துணியைச் செருகிவிடுவேன். அதே அறை மூலையில் உட்கார்ந்துதான் என் மனைவி ராட்டையில் இழை சுற்றித் தருவாள். பின்னாலேயே விறகடுப்பு. அவளுக்கு அடிக்கடி இளைப்பு வந்தது. உடம்பு வாகு என்று நினைத்து விட்டுவிட்டேன்.

நெசவாளிகளுக்கு மருத்துவக் காப்பீட்டு அட்டை கொடுத்த புதிது. அந்த ஆடியில் அவளால் ஒரு வார்த்தையை முழுசாகச் சொல்ல முடியவில்லை, அவ்வளவு மூச்சு வாங்கியது. அட்டையை எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் போகிற ரோட்டில் இருந்த ஒரு தரும ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். இவள் பிழைத்தால் போதும் தாயே, வேறு ஒன்றும் கேட்கமாட்டேன் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன்.

கட்டடத்தைப் பார்த்ததும் மனசு சப்பென்று ஆகிவிட்டது. ஏசி இல்லை. சூளையில் சுடாத மண்கல் சுவர், பூச்சுகூடக் கிடையாது. நடுவில் முற்றம், வேப்பமரம். மாடியில் விழுகிற மழைத்தண்ணீர் குழாய் வழியாகக் கிணற்றுக்கே போகிறது.

"பாதியிலயே விட்டுட்டாங்க போலக்குதுமா" என்றேன் அவளிடம். அந்த நிலைமையிலும் சிரித்தாள்.

ரெண்டு நாளில் மூச்சு சீராகிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் ஆடிக்காற்று சுழற்றி அடித்தது. கட்டில் பக்கத்து ஜன்னல் அகலத் திறந்து கிடக்க, என் கை தானாகப் போய்ச் சாத்திவிட்டது. எதிர்ச் சுவரில், கூரைக்கு அடியில் இருந்த துளைகளையும் விடவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, அவளுடைய பழைய புடவையைச் சுருட்டி அடைத்தேன். அப்புறம் நிம்மதியாக முற்றத்து மரத்தடியில், நல்ல காற்றில் உட்கார்ந்து அம்பாள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வார்டைத் துடைக்கிற அம்மா அப்போதுதான் பினாயில் போட்டுத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார். நெடி வெளியே போக வழியில்லை. நான் திரும்பி வந்தபோது என் மனைவி முன்னால் குனிந்து மூச்சுக்குத் தவிக்கிறாள். சிஸ்டர் ஓடிவந்து ஜன்னலைத் திறந்து, மூக்கில் மூடி மாட்டி மருந்துப்புகை வைத்தார். வைத்துவிட்டுத் துடைக்கிற அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"துடைச்சிட்டு ஜன்னல சாத்தாதன்னு எத்தினி வாட்டி சொல்றது?"

"நான் இன்னாத்துக்கு சிஸ்டர் சாத்தப் போறேன்? மேல அடைச்சிருக்குதே, அது இன்னா என் புடவையா?"

நான் வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவிதான், பேச மூச்சில்லாமல், விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

துடைக்கிற அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னாங்க, வார்டுல தறி போடப் போறீங்களா?"

சாயங்காலம் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "போங்க, அந்தம்மா எழுந்து உக்காந்துச்சே, அது போதும்" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

டாக்டரம்மா விவரம் கேட்டார். தறி அறையைப் பற்றிச் சொன்னேன். "கீழ ஜன்னல்ல காத்து வரணும், சூடும் நெடியும் மேல துளையில போகணும், அதுக்குத்தான் இந்தக் கட்டடத்தையே இப்படிக் கட்டினாங்க. நீங்க அந்த அறையிலயே இவங்களக் கொண்டுபோய் வச்சா என்ன பண்றது? அட்டை இருக்குதுன்னு வருஷா வருஷம் வந்துக்கிட்டே இருப்பீங்களா?"

என் மனைவியை வீட்டுக்கு அனுப்பும்வரை அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கொத்தனாரைக் கூப்பிட்டு, தறி அறையின் எதிரெதிர் சுவர்களில், கூரைக்கு அடியில் செங்கல்லை எடுத்தேன். காற்று தறிக்கு மேலாகவே போயிற்று. முதல் வாரம் இழை அறுந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இழை காயாமலிருக்கத் தறிக்குப் பக்கத்தில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டேன், அடங்கியது. ராட்டையும் அடுப்பும் புழக்கடைக்குப் போயின.

அடுத்த ஆடிக்கு அந்த அட்டை அம்பாள் படத்துக்குப் பின்னாலேயே இருந்தது. அதற்கடுத்த ஆடிக்கும். அவள் இப்போது ராட்டை சுற்றிக்கொண்டே என்னைத் திட்டுகிறாள், நடுவில் ஒரு இடத்திலும் மூச்சு வாங்காமல். அதைக் கேட்கும்போதெல்லாம், யாரென்றே தெரியாத அந்தக் கட்டடம் கட்டினவர்களுக்கும், சிஸ்டருக்கும், டாக்டரம்மாவுக்கும், துடைக்கிற அம்மாவுக்கும் கை கூப்புகிறேன்.

படிக்கிறவர்கள் இதைத் தறி இருக்கிற வீடுகளில் சொல்லுங்கள். சொல்லும்போது என் மேல் இரக்கப்பட்டு எதையும் மாற்றிவிடாதீர்கள். ஜன்னலைச் சாத்தியது நான், விரல் நீட்டியது அவள். அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.