மூன்றாவது அறிவிப்பு

கூட்டத்தைக் கலைக்கும் முன் போலீஸ் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொன்னது புரிந்ததா என்று பார்க்க வேண்டும். கலைந்து போக நேரமும் விட வேண்டும். தடியெல்லாம் அதற்குப் பிறகுதான். இதைச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றுமில்லை.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, சற்று முன்பு நான் மலாக்காவில் போலீஸ்காரனாக இருந்தேன். குருபோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் சில குடும்பங்களை லயத்து வீடுகளிலிருந்து வெளியே தள்ளிவிட்டார்கள். நியாயம் கேட்டுத் தோட்டத்து ஆட்கள் ஊர்வலமாக டவுனுக்கு வந்தார்கள். காஜா பெராங் சாலையில் நாங்கள் மறித்து நின்றோம். ஊர்வலத்தின் முன்வரிசையில் என் தாய்மாமாவும் அத்தையும் இருந்தார்கள். அவர்கள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன் நான்.

கலைந்து போகச் சொல்லி ஆங்கிலத்தில், மலாயில், தமிழில் என மூன்று முறை அறிவிப்பது வழக்கம். தமிழ் அறிவிப்பை வெள்ளைக்கார அதிகாரி எங்கள் கார்ப்பரலிடம் ஒப்படைத்தார். கார்ப்பரல் அந்தக் காஜா பெராங் பகுதியிலேயே குடியிருக்கும் மலாக்காச் செட்டி. காலையில் கோயிலுக்குப் போய் நெற்றி நிறைய விபூதியோடுதான் வேலைக்கு வருவார். அதைப் பார்த்தே துரை அவரைத் தமிழ் பேசுகிறவர் என்று முடிவு கட்டிவிட்டார். மலாக்காச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக வீட்டில் மலாய் பேசுகிறவர்கள் என்று துரைக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரியும்.

கார்ப்பரல் ஒலிபெருக்கியை என்னிடம் நீட்டினார். “எனக்குத் தமிழ் வராது, தம்பி. நீ சொல்லிவிடு” என்று மலாயில் கெஞ்சினார். “உங்களைத்தானே சொல்லச் சொன்னார்” என்று சொல்லிவிட்டு, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். போலீஸ் உடுப்பில் மாமா எதிரே நின்று கலைந்து போங்கள் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

பாவம், அவர் மலாயிலேயே இன்னொரு தரம் சொன்னார். கடைத்தெரு மலாய் மட்டும் பழகிய தோட்டத்து ஆட்களுக்கு அந்தச் சர்க்கார் மலாய் பிடிபடவில்லை. விபூதி மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

“நம்மாளுதான்பா! என்னமோ சொல்றாரு, கிட்டப் போய்க் கேளுங்க!” என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் கைகூப்பியபடியே அவரை நோக்கி நகர்ந்தது. பாய வருகிறார்கள் என்று பயந்த துரை விசிலை ஊதினார்.

“மாமா, நில்லுங்க!” என்று நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். போடவில்லை. தடிகள் இறங்கின. கும்பிட்ட கைகளின் மேலேயே இறங்கின.

பழி முழுக்க கார்ப்பரல் தலையில் விழுந்தது. அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். அந்தக் கோபம் நியாயமானது.

காயம் ஆறிய பிறகுதான் மாமாவைப் பார்க்கப் போனேன். வலது கை விரல்கள் மடங்கவே இல்லை. இனி பால்மரம் வெட்டும் கத்தியை அவர் பிடிக்க முடியாது. அத்தை எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்:

“அன்னிக்கின்னு பார்த்து நீ டூட்டியில இல்லாமப் போயிட்டியே, ஐயா. இருந்திருந்தா தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லியிருப்பே. நாங்களும் திரும்பிப் போயிருப்போம்.”

“ஆமா அத்தை” என்றேன்.