சுவரைப் பார்த்துச் சிரித்தவள்

கோவில்பட்டியில் வீட்டு முன்னறையிலேயே கடை போட்டு, பைக் சீட்டுக்குக் கவர் தைக்கிற பூவனலிங்கத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. நகைச்சுவைப் படங்களைப் பார்த்துவிட்டு வந்து, செல்போனைத் தையல் மெஷின்மேல் சாய்த்துவைத்து, யூடியூபில் விமர்சனம் சொல்வார். மனிதருக்கு ஊரில் இருந்த கெத்தெல்லாம் அதனால் வந்ததுதான். படம் மோசமென்றால் ‘பாத்தாச்சு’ என்பார். பிரமாதமென்றால் ‘பாதகமில்ல’. அதற்குமேல் ஒரு பாராட்டு அவர் வாயிலிருந்து வந்ததாகச் சரித்திரமே கிடையாது. சிரித்துவிட்டால் தீர்ப்பு கோணிப்போகும் என்று தியேட்டரில் சிரிக்கவும் மாட்டார். வீட்டிலும் அதே கதைதான். மனைவி சுதாராணி எதற்காவது சிரித்தால், "இதுல என்ன இருக்கு சிரிக்க?" என்று விசாரணை வைப்பார். பாவம், எதற்கு வம்பென்று அவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள்.

அவளுடைய தம்பி ஹரிஹரசுதன் இயக்கிய முதல் படம் அந்த வெள்ளிக்கிழமை வெளியானது. அதுவும் நகைச்சுவைப் படம். மதியக் காட்சிக்குக் கிளம்பும்போதே சுதாராணி சொல்லிவிட்டாள்.

"சுதன் படத்துக்கு மட்டும் வீடியோ போடாதிய."

"போடலன்னா நாளைக்கு எவன் என்னைய மதிப்பான்?"

"போட்டா நான் நாகலாபுரத்துக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். பாத்துக்கிடுங்க."

மிரட்டல்தான். ஆனால் அவள் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அது ஏனென்று அவருக்கு விளங்கவில்லை.

முதல் பாதி முழுக்க ஒரே கூச்சல். வசனம் முடியுமுன்னே இசை முந்திக்கொண்டு ‘சிரிங்க, சிரிங்க’ என்று விலாவில் குத்தியது. பூவனலிங்கம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுதாராணி திரையைப் பார்க்கவே இல்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு திரையில் ஒரு தையல்காரர் வந்தார். மழை பெய்து ஊறிய முற்றத்துக் கரிசல் சேற்றில் வழுக்கி மல்லாந்து விழுந்தார். எழுந்திருக்கவில்லை. கிடந்தபடியே மனைவியிடம், "விழுந்தது சரியில்லட்டி. விழுறதுக்கு முன்ன ஒரு நொடி தடுமாறியிருக்கணும்" என்றார். தியேட்டரே வெடித்துச் சிரித்தது.

பூவனலிங்கத்துக்கு உடம்பெல்லாம் சுட்டது. போன ஐப்பசியில் அவரே அப்படித்தான் விழுந்திருந்தார். அவர் சொன்ன அதே வார்த்தை. பக்கத்தில் இருந்தது சுதாராணி ஒருத்திதான்.

திரையில் இப்போது இசை இல்லை. தையல்காரர் மனைவி வீட்டுக்குப் பின்னால் போனாள். சுவரைப் பார்த்து நின்று, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

பைக்கில் திரும்பும்போது பின்னால் இருந்தவள் அவர் தோளைப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் செல்போனை எடுத்து மெஷின்மேல் சாய்த்தார். அவள் உள்ளே போய்த் துணிப்பையோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"முதல் பாதி பாத்தாச்சு," என்று ஆரம்பித்தார். "கத்துனா சிரிப்பு வரும்னு டைரக்டர் நெனச்சிருக்காரு. பின் பாதில ஒரு தையக்காரன் விழுதான். அவன் விழுந்தது பெருசில்ல. காட்சிய வெட்டாம, பாட்டும் போடாம, அவன் பொண்டாட்டி பின்னால போயிச் சிரிக்குற வரைக்கும் டைரக்டர் பொறுமையா நின்னிருக்காரு பாருங்க, அங்கனதான் படம் இருக்கு. அவனக் கிறுக்கனாக் காட்டல. இவ எதுக்கு ஒளிஞ்சு சிரிக்கான்னு நம்மளக் கேக்க வச்சுட்டாரு. பாதகமில்ல."

போனை அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"அன்னைக்கு நெசமாவே சிரிச்சியாட்டி?"

"வயிறு வலிக்கச் சிரிச்சேன்," என்றாள். கண் கலங்கியிருந்தது. "மீசையெல்லாம் சேறு தெறிச்சிருக்கு. அதோட கெடந்துக்கிட்டுக் குத்தம் வேற கண்டுபிடிக்கிய..."

முடிக்க முடியவில்லை. பை கையிலிருந்து நழுவியது. அவர் முகத்துக்கு நேராகவே, வாயைப் பொத்தாமல், விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அதில் என்ன இருக்கிறதென்று கேட்கவில்லை.