அம்மா இரவல் கேட்ட மாசி மாதம்

எங்கள் வீட்டில் பிறத்தியார் வீட்டு உப்புக்கல் விழுந்து ஒரு குழம்பு கொதித்ததில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பெருமையென்றே வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. திருச்சுழிப் பக்கம் கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. கேட்டு வந்தவர்களுக்குக் கொடுத்துத்தான் எங்களுக்குப் பழக்கம். அப்படிப்பட்ட வீட்டுக்காரி என் அம்மா, நான் மூணாப்புப் படித்த வருசம், மாசி மாதத்தில் ஒரு காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள். "அக்கா, ஒரு கரண்டி இருந்தா இரவல் குடுங்க" என்றாள். எனக்கு இரண்டு காதும் சுட்டன.

அதற்கு முந்தி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவும் சித்தியும் பாலவனத்தத்தில் ஒரே தெருவில் வளர்ந்த சேக்காளிகள். இரண்டு பேரும் எங்கள் ஊருக்கே வாக்கப்பட்டு வந்தார்கள். சித்தியைக் கட்டியவர் அப்பாவுக்குப் பங்காளி முறையில் தம்பி. சித்தப்பா கை நீட்டுகிற ஆள். ஒரு தடவை சித்தியின் முடியைக் கையில் சுற்றிக்கொண்டு களம் வரைக்கும் இழுத்துப் போனதைத் தெருவே பார்த்தது. பார்த்ததோடு சரி. தை கழிந்ததும் சித்தி கட்டின சேலையோடு பஸ்ஸேறிப் போய்விட்டாள். பிறந்த வீட்டுக்குப் போனால் அண்ணன்காரர் மறுநாளே கொண்டுவந்து விட்டுவிடுவார். அதனால் அருப்புக்கோட்டையில் ஒரு நெசவுக்காரர் வீட்டுப் பின்கட்டில் அறை பிடித்துக்கொண்டு, அவர்கள் தறிக்கு ராட்டையில் நூல் சுற்றிக் கொடுத்தாள். அறை இருந்தது, வேலை இருந்தது, பொங்கித் தின்ன ஒரு சட்டி இல்லை.

பங்காளிகள் சாவடியில் கூடிப் பேசினார்கள். எவன் வீட்டிலிருந்தும் ஓர் ஓட்டைச் சட்டிகூட அவளுக்குப் போகக் கூடாது. வெறுந்தரையில் கொஞ்ச நாள் கிடந்தால் தானாகத் திரும்பி வருவாள் என்று முடிவாயிற்று. அப்பாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவரும் தலையை ஆட்டிவிட்டு வந்தார்.

இனிமேல் கரண்டி கதைக்கு வருகிறேன். எதிர்வீட்டுப் பெரியப்பா வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்து வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போட்டாள்.

"ஏன்டி, காடு பூரா பருத்தி வெள்ளையா வெடிச்சுக் கெடக்கு. ஒரு கரண்டி வாங்கத் துப்பில்லையா ஒன் வீட்டுக்காரருக்கு?"

பெரியப்பா குச்சியைக் கடித்தபடியே சிரித்தார். பெரியம்மா உள்ளே போய்க் கரண்டியோடு ஒரு வெண்கலச் சட்டியையும் கொண்டுவந்து அம்மா கையில் திணித்தாள். "கரண்டி இல்லாதவளுக்குச் சட்டி மட்டும் எங்கேருந்து வரும்? கொண்டு போ!" சட்டிக்குள் ஓர் உருண்டை புளியும் ஒரு கை மிளகாய் வத்தலும் இருந்தன. இரப்பாளிக்குப் போடுகிற மாதிரி இருந்தது எனக்கு.

"எங்க வீட்டுல மூணு கரண்டி..." என்று வாயைத் திறந்தேன். அம்மா புறங்கையில் ஒரு கிள்ளு வைத்தாள்.

அடுத்த வீட்டில் அரிவாள்மனை. அதற்கடுத்த வீட்டில் அரிசி புடைக்கிற சுளகு. போன வாசலிலெல்லாம் ஏச்சு. ஆம்பளைகள் காட்டுக்குப் போயிருந்த ஒரு வீட்டில் மட்டும் யாரும் ஏசவில்லை. அந்த அக்கா ஒன்றும் பேசாமல் புதுக் கோரைப்பாயைச் சுருட்டி நீட்டினாள். எனக்கு அதுதான் ரொம்ப அவமானமாக இருந்தது. ஏசுவதற்குக்கூட நாங்கள் லாயக்கில்லை என்று நினைத்துவிட்டாளே!

பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் கேட்டாள். "ஏ புள்ள, உங்க வீட்டுல களியக் கையாலதான் கிண்டுறீகளாமே?"

நான் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன்.

சாமானையெல்லாம் சாக்கில் கட்டி, ஈயம் பூச டவுனுக்குப் போகிறேன் என்று தெருவில் சொல்லிவிட்டு, அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சித்தியின் அறையில் சாக்கை அவிழ்த்த பிறகுதான் எல்லாம் அவளுக்கு என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்குக் கொடுக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? அதற்கு எங்கள் மானத்தை ஏன் தெருத்தெருவாகக் கொண்டுபோக வேண்டும்? நம் வீட்டிலேயே இருக்கிறதே என்று கேட்டேன்.

"நம்ம வீட்டுச் சாமான் போகாதுன்னு ஒங்கப்பா சாவடியில தலையாட்டிட்டு வந்திருக்காக. அவுக சொல்லு கெடலாமா?" என்றாள் அம்மா.

சித்தி ஒவ்வொரு சாமானாக எடுத்து, யார் கொடுத்தது என்று கேட்டாள். வெண்கலச் சட்டி கைக்கு வந்ததும், "அந்த அக்கா என்ன சொல்லி வஞ்சது?" என்றாள். அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பெரியம்மா குரலிலேயே, "துப்பில்லையா ஒன் வீட்டுக்காரருக்கு!" என்று சொல்லிக் காட்டினாள். இரண்டு பேரும் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். எங்களைக் கேவலப்படுத்தினதைச் சொல்லிச் சிரிக்கிற பெண்பிள்ளைகளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரவல் கொடுத்தவர்களில் ஒருத்தியும் சாமானைத் திருப்பிக் கேட்கவில்லை. இவர்களால் எங்கே திருப்பித் தர முடியும் என்று விட்டுவிட்டார்கள் என்றே எண்ணினேன்.

அதற்குப் பிறகு ஒரு சாயங்காலம் அப்பாவோடு கடைக்குப் போய்விட்டுச் சாவடி வழியாக வந்தேன். பங்காளிகள் நடுவில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, மதினி வீடு வீடா ஏறி எறங்குதாமே. பருத்தி போட்ட காசு என்னாச்சு, சீட்டாட்டத்துல விட்டாச்சோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் அப்பா எவனுக்காகவும் தோள்துண்டை இறக்காத மனுசர். இப்போது போடுவார் ஒரு சத்தம் என்று காத்திருந்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

"என்னத்தப்பா சொல்ல. இந்த வருசம் கொஞ்சம் கஷ்டந்தான்."

நான் அவரைவிட்டுப் பத்தடி தள்ளியே நடந்து வந்தேன். யாராவது பார்த்தால் இவர் மகள் என்று தெரியக் கூடாது.

வீட்டில் அப்பா செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். செம்பை வைத்துவிட்டு, அம்மா முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"தண்ணிக்கு என்ன செய்யிது அந்தப் புள்ள? குடம் கேட்டியா?"

"இன்னும் கேக்கல."

"கடைசி வீட்டுல ரெண்டு கெடக்கு. நாளைக்குப் போயிக் கேளு."

நாளைக்குமா! கதவுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

மறுநாள் அந்தக் குடத்தை என் இடுப்பில்தான் ஏற்றி விட்டாள் அம்மா. பித்தளைக் குடம், புளி போட்டு விளக்கியது, வெயிலில் பளபளவென்று ஊரைக் கூப்பிட்டது. குனிந்த தலை நிமிராமல் தெருவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் நடந்தேன். வாசலுக்கு வாசல் பெண்கள் வந்து நின்றார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். என்னைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.