டீயில் கலந்த பொடி

குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. முன்பெல்லாம் ஒயின் ஷாப்புக்குக் கிளம்பும் சாயங்கால வேளையில், வாய் வறண்டு போக, மீன் கடைகளைத் தாண்டிப் பட்டினப்பாக்கம் கடற்கரைக்கு நடப்பேன். மருந்து, மாத்திரை எதுவும் இல்லை, எல்லாம் என் வைராக்கியம்தான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலக்காய் தேடப் போனபோது, அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பொட்டலம் கிடைத்தது. 'குடியை மறக்கடிக்கும் பொடி. குடிப்பவருக்குத் தெரியாமல் டீயில் கலந்து கொடுக்கவும்' என்று அச்சடித்திருந்தது. மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுவர் விளம்பரத்தில் பார்த்து நான் கேலி செய்த அதே பொடி.

அதை என் மனைவியின் முன்னால் வீசினேன். "அப்போ நானா விடலை. தினமும் டீயைக் கையில குடுத்துட்டு, குடிக்கிற வரைக்கும் என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நின்னியே, இதுக்குத்தானா?"

அவள் மறுக்கவில்லை. "ஆரம்பத்துல ரெண்டு மாசம் போட்டேன். அப்புறம் நிறுத்திட்டேன். உங்களை மட்டும் நம்பிக்கிட்டு இருக்க எனக்கு அப்போ தைரியம் இல்லை."

நிறுத்திய கதை என் காதில் ஏறவே இல்லை. நம்பவில்லை என்றது மட்டும்தான் சுட்டது. இத்தனை நாள் கூடவே இருந்து ஏமாற்றியிருக்கிறாள். இனி யாருக்காக நான் குடிக்காமல் இருக்க வேண்டும் என்று கத்திக்கொண்டே வாசலுக்கு வந்தேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். இரண்டு காலும் செருப்புக்குள் இருந்தன. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதினோரு மாதமாக இப்படி ஒரு காரணத்துக்குத்தான் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.