வெள்ளிக்கிழமைதோறும் ஏழு மாத்திரை

1. கவுண்டரில்

ஞாயிற்றுக்கிழமை மதியம். எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் நான் ஃபார்மசிஸ்டாக இருந்த மருந்துக்கடை. விமலா உள்ளே வந்து கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, தலை சுத்துது. காலு ரெண்டும் இழுத்துப் பிடிக்குது. நெஞ்சு படபடன்னு அடிக்குது லா.”

விமலா, பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் என்ற ஊரில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி ஆப்பரேட்டர். எடை குறைய டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியை வாரம் ஒருமுறை போட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஊசி பசியைக் குறைக்கும். பலருக்கு மலச்சிக்கலையும் கொண்டுவரும். அதற்கு மலமிளக்கி மாத்திரை கொடுத்தது நான்தான். இரவில் ஒன்று என்று சொல்லியிருந்தேன்.

“இன்னும் மலச்சிக்கல் இருக்கா?”

“ஆமாக்கா. திங்கள்ல இருந்து சனி வரைக்கும் ஒன்னுமே போகல.”

“இன்னிக்கு?”

“இன்னிக்கு எட்டு தடவ.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது சிக்கலா, பேதியா? ஊசியின் வேலையா, வெளியில் சாப்பிட்டதன் வேலையா? முப்பது வருடம் கவுண்டரில் நின்றவள், அன்று திருதிருவென்று முழித்தேன்.

2. காலி அட்டை

“மாத்திரைய ஒழுங்கா சாப்புடுறியா?”

“வாரத்துக்கு ஏழு. கணக்கு தப்பவே இல்லக்கா.”

அது உண்மைதான். ஒரு மாதமாக வெள்ளிக்கிழமைதோறும் ஃபேக்டரி வேனை விட்டு இறங்கி, அட்டையில் ஏழு மாத்திரை வெட்டி வாங்கிப் போவாள். எவ்வளவு ஒழுங்கான கஸ்டமர் என்று மெச்சிக்கொண்டிருந்தேன். சில நாளுக்குமேல் தேவைப்பட்டால் டாக்டரிடம் அனுப்பியிருக்க வேண்டும். அதைச் செய்யாதது என் தவறு.

அட்டையைக் காட்டச் சொன்னேன். முந்தாநாள் வாங்கியது. ஏழு குழியும் காலி.

“மிச்சம் எங்க?”

“நேத்தே ஏழையும் போட்டுட்டேன். வாராவாரம் அப்படித்தான். வேலை எடத்துல க்ளீன்ரூம்க்கா, தூசியே படக்கூடாது. டாய்லெட் போகணும்னா தலையிலேர்ந்து கால் வரைக்கும் சூட்ட கழட்டி, திரும்ப மாட்டணும். சூப்பர்வைசர் மொறைப்பாரு. அதான் தண்ணிகூட குடிக்கிறதில்ல. ஊசி வாரத்துக்கு ஒன்னுதானே? மாத்திரையையும் அப்படியே லீவுக்கு முந்துன நாள் மொத்தமா போட்டா என்னன்னு நெனச்சேன். மறுநாள் வெயிட்டும் ரெண்டு கிலோ கம்மியா காட்டுது.”

குறைந்தது கொழுப்பு அல்ல, உடம்பிலிருந்த தண்ணீர். பக்கத்துக் கிளினிக்குக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். டாக்டர் உடனே மருத்துவமனைக்கு அனுப்பினார். இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருந்தது. இன்னும் இறங்கியிருந்தால் இதயத்துடிப்பே தடுமாறியிருக்கும். இரண்டு நாள் டிரிப் ஏற்றினார்கள்.

3. தனித்தனித் தாள்

அடுத்த வாரம் புதுச் சீட்டோடு வந்தாள். மாத்திரையை நிறுத்தி, குடலில் ஈரத்தைத் தக்கவைக்கும் பவுடரை டாக்டர் எழுதியிருந்தார். நான் நிதானமாகச் சொன்னேன்: தினமும் ஒரு பொட்டலம், தண்ணீரில் கரைத்து. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. பிரேக் நேரத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும், சூப்பர்வைசர் முறைத்தாலும் சரி. கடுமையான வயிற்றுவலி, வாந்தி, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் எந்த மலமிளக்கியையும் தொடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இந்த முறை சரியாகச் செய்துவிட்டேன் என்று எனக்கு ஒரே திருப்தி.

கவுண்டருக்கு வரப்போகும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: “மருந்து சாப்பிட்டீர்களா?” என்பது கேள்வியே இல்லை. எப்போது, எத்தனை, கூட வேறென்ன என்று கேளுங்கள். நீங்கள் சொன்னதை அவர்கள் வாயால் திரும்பச் சொல்ல வையுங்கள். அன்றும் நான் அதைச் செய்யவில்லை.

விமலா கதவுவரை போய்விட்டுத் திரும்பினாள்.

“அக்கா, அப்ப அந்த ஊசியையும் இனிமே தினமும் போடணுமா?”

நாற்காலியை இழுத்துப்போட்டு அவளை உட்கார வைத்தேன். ஊசிக்கு ஒரு தாளில் ‘வாரம் ஒருமுறை’, பவுடருக்கு ஒரு தாளில் ‘தினமும்’ என்று எழுதி, அவளையே வாசித்துக் காட்டச் சொன்னேன். அவள் திரும்பி வந்து கேட்டாள். கேட்காமல் கதவைத் திறந்து போனவர்கள் எத்தனை பேரோ, எனக்குத் தெரியாது.